கெப் வாகனத்துக்கு டயர் மாற்றுவது: சைஸுக்குப் பக்கத்தில் இருக்கும் இலக்கம் என்ன சொல்கிறது?

கொழும்பு பஞ்சிகாவத்தைப் பக்கம் டயர் வாங்கப் போனால் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "என்ன சைஸ்?" அடுத்தது, "எவ்வளவு விலையில பார்க்கிறீங்க?" வாகனம் கெப் (பின்தட்டு உள்ள பிக்கப்) என்று தெரிந்ததும், "லோட் அடிக்கிறதா? அப்ப டென் ப்ளை போடுங்க" என்று ஓர் ஆலோசனை இலவசமாக வரும் (ப்ளை என்பது டயரின் உள் நூல் அடுக்கு). இவ்வளவில் வியாபாரம் முடிந்துவிடும். சைஸுக்கு ஒட்டினாற்போல அச்சிட்டிருக்கும் இன்னொரு இலக்கம் இருக்கிறதே, அந்த டயர் எத்தனை கிலோ தாங்கும் என்று சொல்வது, அதை அனேகமாக யாரும் பார்ப்பதில்லை.

கெப் வாகன டயர் பற்றி ஊரில் உலவும் பேச்சில் மூன்றைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம்: பெரிய டயர் கூடுதலாகத் தாங்கும், ப்ளை கூடக் கூடப் பாரம் ஏற்றலாம், டயரில் போட்டிருக்கும் அளவுக்குக் காற்றடித்தால் சரி. முதல் இரண்டும் அரை உண்மை. மூன்றாவது பிழை. எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

## ஒரே சைஸ், வேறு வேறு பலம்

எட்டாம் நம்பர் பாட்டா செருப்பும் எட்டாம் நம்பர்தான், கட்டட வேலைக்குப் போடுகிற எட்டாம் நம்பர் பூட்ஸும் எட்டாம் நம்பர்தான். கால் இரண்டுக்குள்ளும் நுழையும். ஆணி குத்தினால்தான் வித்தியாசம் தெரியும். (புறக்கோட்டை நாட்டாமைமார் செருப்போடேயே 50 கிலோ மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்களே என்று கேட்டால், அது அவர்களுடைய காலின் பலம். டயருக்கு அந்த வசதி கிடையாது.)

டயரிலும் அதே கதை. கொழும்பில் நிறைய ஓடும் சின்ன ஜப்பான் வேன்களுக்கும் குட்டி லொறிகளுக்கும் போடுகிற 12 அங்குல டயரை எடுத்துக்கொள்ளுங்கள். 145/80 ஆர்12 என்ற ஒரே அளவில் மூன்று விதமான டயர் வருகிறது. கார் ரகத்தின் சுமை இலக்கம் 74. ஒரு டயர் 375 கிலோ தாங்கும். வேன் ரகத்தில் 80 என்று போட்டிருந்தால் 450 கிலோ. அதே ரகத்தில் 86 என்றால் 530 கிலோ. மூன்றையும் வரிசையாக வைத்தால் கண்ணுக்கு ஒரே டயர்தான். ரிம்மிலும் மூன்றுமே ஏறும். ஆனால் முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் ஒரு டயருக்கு 155 கிலோ, அதாவது மூன்று சீமெந்து மூட்டை, வித்தியாசம்.

மரக்கறி ஏற்றுகிற வண்டிக்கு மலிவாகக் கிடைக்கிறது என்று 74ஐப் போட்டால் என்ன நடக்கும்? அன்றைக்கு ஒன்றும் நடக்காது. அதனால்தான் இந்தப் பிழை இவ்வளவு பரவலாக இருக்கிறது.

## 265/65 ஆர்17 112 எஸ்: ஒவ்வொன்றாக

டபுள் கெப்களில் அதிகம் காணப்படும் அளவுகளில் ஒன்று இது. டயரின் பக்கச் சுவரில் ஆங்கில எழுத்தில் இருக்கும்.

265 என்பது டயரின் அகலம், மில்லிமீற்றரில். தரையில் படுகிற பகுதியின் அகலம் இதைவிடக் குறைவு. காற்றடித்த டயரின் ஒரு பக்கச் சுவரிலிருந்து மறு பக்கச் சுவர் வரை அளப்பது இது.

65 என்பது உயர விகிதம். பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் 65 வீதம் என்று பொருள். 265இல் 65 வீதம் 172 மில்லிமீற்றர். இது தனியான ஓர் அளவு என்று நினைத்து, "அகலத்தைக் கூட்டி 65ஐ அப்படியே விடுவம்" என்று வாங்குகிறவர்கள் உண்டு. அகலம் கூடினால் அதே 65 உயரத்தையும் சேர்த்துக் கூட்டிவிடும்.

ஆர் என்பது ரேடியல், உள்ளே நூல் அடுக்கு ஓடும் விதம். இன்று கெப்களுக்கு வருவது பெரும்பாலும் இதுதான். 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

112 என்பது சுமைச் சுட்டெண். கடைகளில் லோட் இன்டெக்ஸ் என்பார்கள். இது கிலோ கணக்கல்ல, ஒரு பட்டியலில் உள்ள வரிசை எண். 100 என்றால் 800 கிலோ, 102 என்றால் 850, 106 என்றால் 950, 110 என்றால் 1,060, 112 என்றால் 1,120, 115 என்றால் 1,215, 120 என்றால் 1,400, 121 என்றால் 1,450. இரண்டு இலக்கம் குறைந்தால் பெரிய விஷயமில்லை என்று தோன்றும். 112க்கும் 110க்கும் இடையில் போவது டயருக்கு 60 கிலோ.

எஸ் என்பது வேக எழுத்து: மணிக்கு 180 கிலோமீற்றர் வரை. நமது அதிவேக நெடுஞ்சாலையின் எல்லையே 100. வேன், லொறி ரக டயர்களில் வருகிற என் எழுத்துக்கூட 140. ஆகவே இங்கே பாரம் ஏற்றுபவர் கவலைப்பட வேண்டியது இலக்கத்தைப் பற்றி. எழுத்து வாகனத்தின் கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கரில் சொன்னதற்குக் குறையாமல் இருந்தால் போதும்.

சில டயர்களில் 106/104 என்று இரண்டு சுமை இலக்கம் இருக்கும். முதலாவது, அச்சின் ஒரு பக்கத்தில் ஒற்றைச் சில்லு இருக்கும்போது. இரண்டாவது, சிறிய லொறிகளின் பின்பக்கம்போல இரட்டைச் சில்லு இருக்கும்போது. இரட்டையில் இரண்டு டயரும் பாரத்தைச் சரிபாதியாகப் பங்குபோடுவதில்லை, அதனால் இலக்கம் குறைகிறது. சாதாரண கெப்புக்கு முதல் இலக்கம்தான்.

195 ஆர்15 சி, 205 ஆர்16 சி என்று உயர விகிதமே இல்லாத அளவுகளும் சிங்கிள் கெப்களிலும் வேன்களிலும் உண்டு. அப்படி ஒன்றும் போடாவிட்டால் 80 முதல் 82 வீதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதுவரை: முதல் மூன்று இலக்கங்கள் டயர் பொருந்துமா என்று சொல்கின்றன. நான்காவதுதான் தாங்குமா என்று சொல்கிறது.

## சோடாப் போத்தலும் டயரும்

திறக்காத பிளாஸ்டிக் சோடாப் போத்தல் ஒன்றைக் கிடையாகப் படுக்க வைத்து மேலே ஒரு காலை ஊன்றிப் பாருங்கள். அசையாது. மூடியைத் திறந்து சோடாவைக் குடித்துவிட்டு அதே போத்தலில் கால் வைத்தால் சப்பென்று நசிந்துவிடும். பிளாஸ்டிக் அதே பிளாஸ்டிக்தான். உள்ளே இருந்த அழுத்தம் போய்விட்டது.

டயரில் பாரத்தைச் சுமப்பதும் அந்த அழுத்தம்தான். ரப்பரும் நூலும் கம்பியும் சேர்ந்தது ஒரு பை. அந்தப் பை வெடிக்காமல் எவ்வளவு அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும் என்பதுதான் அதன் பலம். சுமைச் சுட்டெண் சொல்லும் கிலோ கணக்கும் ஒரு குறிப்பிட்ட காற்றழுத்தத்தில் மட்டுமே உண்மை. சாதாரண கார் ரக டயருக்கு அந்த அழுத்தம் ஏறக்குறைய 36 பிஎஸ்ஐ. பிஎஸ்ஐ என்பது பெற்றோல் ஷெட்டில் "முப்பத்திரண்டு அடிங்க" என்று சொல்கிறோமே, அந்த அலகு.

அழுத்தம் இறங்கினால் தாங்கும் எடையும் இறங்கும். 112 இலக்க டயர் 36இல் 1,120 கிலோ தாங்கும். 29இல் அது ஏறக்குறைய 940 கிலோவுக்கு வந்துவிடும். மெதுவாகக் காற்றுப் போய் 22க்கு வந்தால் ஏறக்குறைய 750. வாங்கும்போது 112 பார்த்து வாங்கிவிட்டு இரண்டு மாதம் காற்றுப் பார்க்காமல் ஓடுகிறவர் உண்மையில் ஓட்டுவது 97, 98 இலக்க டயரில்.

குறைந்த அழுத்தத்தில் பாரம் ஏற்றினால் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடிந்து விரியும். கம்பியை மாறி மாறி வளைத்தால் வளைகிற இடம் சுடுமல்லவா, அதே சூடு இங்கே நிமிடத்துக்குப் பல நூறு தடவை. அந்தச் சூட்டில் உள்ளே உருக்குப் பட்டைக்கும் மேல் ரப்பருக்கும் இடையிலான ஒட்டு விடத் தொடங்கும். வெளியே ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு நாள், நெடுஞ்சாலையில், வெயிலில், முழுப் பாரத்தோடு போகும்போது மேல் பட்டை உரிந்துகொண்டு போய்விடும்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த ஃபயர்ஸ்டோன் டயர் மீளழைப்பு ஓர் எடுத்துக்காட்டு. ஃபோர்ட் எக்ஸ்ப்ளோரர் வாகனங்களில் டயரின் மேல் பட்டை உரிந்து வாகனம் கவிழ்ந்த விபத்துகளில் 270 பேருக்கு மேல் இறந்தார்கள். ஏறக்குறைய 65 இலட்சம் டயர்கள் திருப்பி அழைக்கப்பட்டன. டயர் கம்பனி வாகனத்தையும், வாகனக் கம்பனி டயரையும் குற்றஞ்சாட்டின. அந்த வாகனத்துக்கு 26 பிஎஸ்ஐ போதும் என்று பரிந்துரைத்திருந்தது வாதத்தின் மையத்தில் இருந்தது.

இதுவரை: டயரின் தடிப்பு ஒரு எல்லையைத்தான் வகுக்கிறது. அந்த எல்லைக்குள் உண்மையில் எத்தனை கிலோ என்பதைக் காற்று தீர்மானிக்கிறது.

## ப்ளை என்ற பழைய சொல்

பருத்தி நூலில் டயர் செய்த காலத்தில் அடுக்குகளை எண்ணினார்கள். நான்கு அடுக்கு, ஆறு அடுக்கு, பத்து அடுக்கு. அடுக்குக் கூடினால் கூடுதல் காற்றைப் பிடிக்கும், கூடுதல் பாரம் தாங்கும். பிறகு பொலியெஸ்டரும் உருக்கும் வந்தன. இன்றைய டயரின் பக்கச் சுவரில் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ அடுக்குத்தான். மேற்பகுதியில் அதற்கு மேல் இரண்டு உருக்குப் பட்டை. ஆனால் பழைய கணக்கு மட்டும் பிஆர் என்ற பெயரில் தங்கிவிட்டது. 8 பிஆர் என்றால், "அந்தக் காலத்துப் பருத்தி நூல் டயரில் எட்டு அடுக்குக்குச் சமமான பலம்" என்று அர்த்தம். வெட்டிப் பார்த்தால் எட்டு அடுக்கு இருக்காது. "கள்ள டயர்" என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம்.

அமெரிக்க முறை டயர்களில் இதே விஷயத்தை எழுத்தால் குறிப்பார்கள்: சி என்றால் 6 பிஆர், டி என்றால் 8, ஈ என்றால் 10.

## மூன்று குடும்பங்கள்

கெப்புக்கு வருகிற டயர்களை மூன்று குடும்பமாகப் பிரிக்கலாம்.

முதலாவது கார் ரகம். சைஸுக்கு முன்னாலோ பின்னாலோ எந்த எழுத்தும் இருக்காது, அல்லது முன்னால் பி என்றிருக்கும். மேலே பார்த்த 265/65 ஆர்17 112 எஸ் இந்த ரகம். வேலைக்கும் வீட்டுக்குமாக ஓடுகிற டபுள் கெப்கள் பல இந்த ரகத்தோடுதான் தொழிற்சாலையிலிருந்து வருகின்றன. சவாரி மென்மை.

இரண்டாவது சி ரகம். சைஸின் முடிவில் சி என்ற எழுத்து வரும். வணிக வாகனத்துக்கு உரியது என்று பொருள்; மேலே 6 பிஆர் என்று பார்த்த அமெரிக்க சி வேறு. 8 பிஆர் ஆக இருந்தால் 65 பிஎஸ்ஐ வரை காற்றுப் பிடிக்கும். வேன், சிங்கிள் கெப், சிறிய லொறி எல்லாம் இந்த வீட்டுப் பிள்ளைகள்.

மூன்றாவது எல்டி ரகம். சைஸுக்கு முன்னால் எல்டி என்றிருக்கும், அமெரிக்க அளவுமுறை. கரடுமுரடான பூக்கள் வெட்டிய பெரிய டயர்களில் அதிகம் காணலாம். ஈ எழுத்து டயர் 80 பிஎஸ்ஐ வரை பிடிக்கும். "டென் ப்ளை" என்று கடையில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

இங்கேதான் பலரும் விழுகிற குழி இருக்கிறது. 265/70 ஆர்17 என்ற ஒரே அளவில் இரண்டு டயரை ஒப்பிடுவோம். கார் ரகம், சுட்டெண் 115: ஏறக்குறைய 36 பிஎஸ்ஐயில் 1,215 கிலோ. எல்டி ஈ ரகம், சுட்டெண் 121: 1,450 கிலோ. எல்டி வென்றுவிட்டதுபோலத் தெரிகிறது. ஆனால் அந்த 1,450 கிலோ 80 பிஎஸ்ஐயில். 65இல் அது 1,250. 50இல் 1,050. கார் டயருக்கு அடித்த அதே 35ஐ இதற்கும் அடித்தால் ஏறக்குறைய 800தான்.

ஆக, கார் ரகத்தைக் கழற்றிவிட்டு "பலமான" டென் ப்ளையைப் போட்டு, பழைய பழக்கத்தில் 35 அடித்துக்கொண்டு ஓடுகிறவர் முன்பைவிடக் குறைவாகத்தான் ஏற்றலாம். தடித்த பை, குறைந்த அழுத்தம். தடிப்பான ரப்பர் மடியும்போது சூடும் கூடுதலாக வரும். கடையில் யாரும் பொய் சொல்லவில்லை. கூடவே காற்றையும் மாற்ற வேண்டும் என்ற பாதியைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

மறுபக்கமாகவும் ஒரு விதி உண்டு. சி அல்லது எல்டி டயரோடு வந்த வாகனத்துக்குக் கார் ரகத்தைப் போட நினைத்தால், அமெரிக்கத் தரவிதி அந்தக் கார் டயரின் சுமையை 1.1ஆல் வகுக்கச் சொல்கிறது. 1,215 கிலோ 1,105 ஆகிவிடும். பாரம் உயரத்தில் இருப்பதும், ஆட்டமும், கெப்பின் பாவனையே முரட்டுத்தனமானது என்பதும் இதற்குக் காரணம்.

## உங்கள் வாகனத்துக்கு எவ்வளவு வேண்டும்?

சாரதியின் கதவைத் திறந்தால் கதவுத் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். டயர் சைஸும் அதன் சுமை இலக்கமும் முன்பின் காற்றளவும் அதில் உண்டு. பல வாகனங்களில் வெறும் வாகனத்துக்கு ஒன்று, பாரத்துக்கு ஒன்று என இரண்டு அளவு இருக்கும். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025இல் மறுபடி திறக்கும்வரை பழைய கெப்களே கைமாறிக் கைமாறி ஓடியதால், ஸ்டிக்கர் உரிந்துபோன, பெயின்ட் அடிபட்ட வாகனங்கள் நிறைய. அப்படியானால் வாகனக் கைநூலைப் பாருங்கள். இப்போது போட்டிருக்கும் டயரைப் பார்த்து அதையே திருப்பி வாங்காதீர்கள். முந்தைய சொந்தக்காரர் எதைப் போட்டாரோ யார் கண்டது?

ஸ்டிக்கரில் சொன்ன இலக்கத்துக்குக் கீழே போகாமலிருந்தால் கணக்கே தேவையில்லை. ஆனால் அந்த இலக்கம் ஏன் அவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று விளங்கிக்கொள்ள ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

ஒரு டபுள் கெப், வெறும் எடை 2,000 கிலோ என்று வைப்போம். இயந்திரம் முன்னால் இருப்பதால் முன் அச்சில் 1,150, பின் அச்சில் 850. பழைய சோனகத் தெருவில் 15 மூட்டை சீமெந்து ஏற்றுகிறீர்கள்: 750 கிலோ. பின்தட்டு இருப்பது பின் அச்சுக்கு மேல், ஆகவே ஏறக்குறைய முழுப் பாரமும் பின்னால்தான் இறங்கும். பின் அச்சு 1,600. ஒரு டயருக்கு 800 கிலோ. பட்டியலில் அது 100.

அப்படியானால் 102 போட்டால் போதுமே? 850 இருக்கிறதே? போதாது. இது வாகனம் நேராக, சமமான தரையில், அசையாமல் நிற்கும் கணக்கு. கடுகண்ணாவை வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கத்து டயருக்குப் பாரம் சாயும். குழியில் விழும்போது ஒரு கணம் பன்மடங்காகும். மூட்டையை ஒரு பக்கமாக அடுக்கியிருந்தால் அதுவும் சேரும். 22க்கு இறங்கிய 112 டயர் 750 கிலோதான் தாங்கும் என்று மேலே பார்த்தோம்; இந்த 800க்கு அதுவே போதாது. உற்பத்தியாளர் விட்டுவைத்த இடைவெளி இதற்கெல்லாம்தான்.

"ஒன்றுக்கு 1,120, நான்குக்கு 4,480, அப்ப இரண்டரைத் தொன் ஏற்றலாம்" என்று கணக்குப் பார்ப்பவரும் இருக்கிறார். வாகனத்தின் எல்லையை டயர் நிர்ணயிப்பதில்லை. ஸ்பிரிங் பட்டை, அச்சு, பேரிங், பிரேக் எல்லாவற்றிலும் எது பலவீனமோ அதுதான் எல்லை. 121 இலக்க டயர் போட்டதால் பிரேக் பலமாகிவிடாது. பதிவுச் சான்றிதழில் உள்ள மொத்த எடையிலிருந்து வெறும் எடையைக் கழித்தால் வருவதுதான் ஆட்களும் பொருளும் சேர்த்து ஏற்றக்கூடியது.

இதுவரை: ஸ்டிக்கரின் சுமை இலக்கம் கீழ் எல்லை. அதற்கு மேல் போகலாம், ஆனால் வாகனம் ஏற்றும் பாரம் அதனால் கூடாது.

## சைஸை மாற்றினால்

பழைய சைஸ் கிடைக்கவில்லை, அல்லது ரிம்மை மாற்றியாயிற்று, அல்லது வாகனம் உயரமாக இருந்தால் வடிவு என்று ஒரு ஆசை. எதுவானாலும் முதலில் பார்க்க வேண்டியது டயரின் முழு விட்டம். பக்கச் சுவரின் உயரத்தை இரண்டால் பெருக்கி, ரிம் அங்குலத்தை 25.4ஆல் பெருக்கி, இரண்டையும் கூட்டினால் விட்டம்.

265/65 ஆர்17: 172.25ஐ இரண்டால் பெருக்க 344.5. 17ஐ 25.4ஆல் பெருக்க 431.8. கூட்டினால் 776 மில்லிமீற்றர்.

265/60 ஆர்18: 318 கூட்டல் 457.2. 775 மில்லிமீற்றர். ஒரே உயரம். அதனால்தான் ஒரே ரக கெப் இந்த இரண்டு அளவிலும் வருகிறது. ஆனால் 18க்கு மாறும்போது வழக்கமாகக் கிடைக்கும் சுட்டெண் 110. ரிம் பெரிதானது, பக்கச் சுவர் சிறிதானது, காற்றுக்கு இருக்கிற இடம் குறைந்தது. டயருக்கு 60 கிலோ போயிற்று. பாரம் ஏற்றுகிற வாகனத்துக்குப் பெரிய அலாய் ரிம் அலங்காரச் செலவு மட்டுமே.

265/70 ஆர்17: 803 மில்லிமீற்றர். 3.4 வீதம் பெரிது. வேகமானி 100 காட்டும்போது சில்லு முன்பைவிட 3.4 வீதம் கூடுதலாக ஓடியிருக்கும். கிலோமீற்றர் கணக்குக் குறைவாகப் பதியும். "டயர் மாத்தினதிலிருந்து டீசல் கூடக் குடிக்குது" என்ற முறைப்பாட்டில் ஒரு பங்கு இந்தக் கணக்குப் பிழைதான்.

285/70 ஆர்17: 831 மில்லிமீற்றர், 7 வீதம் பெரிது. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் மட்கார்டில் உரசும். ஏற்றத்தில் கியர் நீளமாகிப் போனதுபோல இழுவை குறையும். பிரேக்குக்கும் வேலை கூடும். பொதுவாக 3 வீதத்துக்குள் நிற்பது பாதுகாப்பு.

நான்கு சில்லு இயக்கம் உள்ள கெப்பில் நான்கு டயரும் ஒரே விட்டமாக இருக்க வேண்டியது கட்டாயம். பெரும்பாலான கெப்களில் ஃபோர்வீலில் போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். முன்னால் புது டயரும் பின்னால் தேய்ந்ததும், அல்லது வேறு சைஸும் இருந்தால், ஒன்று இழுக்க மற்றது தடுக்க, அந்த முறுக்கு முழுவதும் நடுவில் உள்ள கியர்பெட்டியில் விழும். அதைத் திருத்தும் செலவில் நான்கு டயருக்கு மேல் வாங்கலாம். ஸ்பெயார் வீலும் இந்தக் கணக்கில் சேர்ந்ததே.

## ரிம்மும் வால்வும்

ஒவ்வொரு டயருக்கும் ஏற்ற ரிம் அகலம் உண்டு. 265/65 ஆர்17க்கு 7.5 முதல் 9.5 அங்குலம். 6 அங்குல ரிம்மில் இதைத் திணித்தால் டயர் நடுவில் புடைத்து நிற்கும். நடுப்பகுதி மட்டும் தேயும், வளைவில் வாகனம் தளம்பும். ரிம்மின் அகலம் ரிம்மிலேயே குத்தியிருக்கும்: 7.5 ஜே, 8 ஜே என்று.

பல அலாய் ரிம்களின் உட்புறத்தில் அது தாங்கும் அதிகபட்ச எடையும் குறித்திருக்கும். காருக்கென்று செய்த ரிம் துளைக்கணக்கில் பொருந்துகிறது என்பதற்காகக் கெப்பில் ஏற்றினால், பலமான டயருக்குள் பலவீனமான ரிம் விரிசல் விடும்.

வால்வை யாரும் நினைப்பதில்லை. சாதாரண ரப்பர் வால்வு 65 பிஎஸ்ஐ வரைக்குத்தான். 80 அடிக்கிற எல்டி டயர் போட்டால் உயர் அழுத்த வால்வோ உலோக வால்வோ வேண்டும். டயர் மாற்றும் அன்றைக்கே கேட்டுப் போடுங்கள். டயர் விலையோடு பார்த்தால் அது சில்லறைச் செலவு.

## கடையில், பிறகு பெற்றோல் ஷெட்டில்

பக்கச் சுவரில் டிஓடி என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கம் டயர் செய்த வாரமும் ஆண்டும். 3524 என்றால் 2024ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். இந்த இலக்கம் ஒரு பக்கத்துச் சுவரில் மட்டும் இருக்கலாம், மறுபக்கத்தையும் புரட்டிப் பாருங்கள். பூ முழுதாக இருந்தாலும் ரப்பர் வயதாகும். பத்து வருடத்துக்கு மேல் வேண்டாம் என்பது டயர் உற்பத்தியாளர்களின் பொதுவான ஆலோசனை. ரீகண்டிஷன் வாகனத்தில் வந்த, பூ குறையாத ஸ்பெயார் வீலை எடுத்து முன்னால் போடுவதற்கு முன் அந்த நான்கு இலக்கத்தைப் பார்ப்பது நல்லது. ரீபில்ட் டயரில் மேலே புதிதாக ஒட்டிய பூவின் வயதல்ல, கீழே உள்ள கூட்டின் வயதுதான் கணக்கு.

இரண்டு டயர் மட்டும் வாங்கப் பணம் இருந்தால், பின் அச்சில் இரண்டையும் ஒரே சைஸ், ஒரே சுட்டெண், ஒரே ரகமாகப் போடுங்கள். ஒரே அச்சில் ஒரு பக்கம் சி, மறுபக்கம் கார் ரகம் என்றால் எந்தக் காற்றளவும் இரண்டுக்கும் ஒத்துவராது. ஃபோர்வீல் கெப் என்றால் முன்னால் உள்ளவை எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும்.

காற்று. டயரில் "அதிகபட்சம்" என்று அச்சிட்டிருப்பது அந்தப் பை பிடிக்கக்கூடிய எல்லை, அடிக்க வேண்டிய அளவு அல்ல. அதே ரகம், அதே சைஸ் டயரை மாற்றினால் கதவு ஸ்டிக்கரின் அளவு. ரகம் மாறினால், பழைய டயர் ஸ்டிக்கர் அழுத்தத்தில் எத்தனை கிலோ தாங்கியது என்று பார்த்து, புது டயர் அதே கிலோவை எந்த அழுத்தத்தில் தாங்கும் என்று அந்த டயர் கம்பனியின் சுமை, அழுத்த அட்டவணையில் பார்க்க வேண்டும். விற்பனை முகவர்களிடம் அந்த அட்டவணை இருக்கும், கேட்டால் காட்டுவார்கள்.

வெறும் வாகனத்துக்கும் முழுப் பாரத்துக்கும் ஒரே காற்றை அடித்து வைப்பதும் நல்லதல்ல. சி டயரில் 65 வைத்துக்கொண்டு வெறும் கெப்பைக் காலி வீதியில் ஓட்டினால் பின்பக்கம் துள்ளும், மழை நாளில் பிரேக் போட்டால் வழுக்கும், டயரின் நடுப்பகுதி மட்டும் தேயும். பேலியகொடை மெனிங் சந்தைக்கு மரக்கறி ஏற்றி வருகிறவர் பாரம் ஏற்றுமுன் அடித்துக்கொள்ள வேண்டும், இறக்கிய பிறகு குறைத்துக்கொள்ளலாம்.

எல்லா அளவும் குளிர்ந்த டயருக்கு உரியவை: மூன்று மணித்தியாலமாவது நின்ற, அல்லது இரண்டு கிலோமீற்றருக்குக் குறைவாக ஓடிய டயர். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு அளந்தால் நாலைந்து பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். அதைக் கண்டு காற்றை இறக்கிவிட்டால், இரவில் குளிர்ந்ததும் டயர் அளவுக்குக் கீழே போய் நிற்கும். காலையில் யாரும் அதை அளக்காமலே பாரத்தை ஏற்றுவார்கள்.